ஊன்றுநீர்

புதுத்துறையில் யாருக்கும் ஊர் ஏக்கம் வருவதில்லை.

கடல் விழுங்கிய பெரியபாறைத்துறையைப் பற்றிக் கேட்டால் அங்குள்ளவர்கள் நன்றாகவே சொல்வார்கள். சிலுவை நட்ட குருசடி எங்கே இருந்தது, எந்த வீட்டுக் கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர் கிடைத்தது, எந்தப் பாறையிடுக்கில் சிங்கிறால் பதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. சொல்லி முடித்ததும் எழுந்து தோட்டத்துக்கு ரப்பர்பால் வெட்டப் போய்விடுவார்கள். தொண்டை அடைக்காது, பெருமூச்சு வராது. பிறந்ததிலிருந்து வள்ளமும் வலையுமாக வாழ்ந்தவர்கள், அலைச்சத்தமே எட்டாத மலையடிவாரத்து ரப்பர் மரங்களுக்கு நடுவே, அந்த மண்ணில் முளைத்தவர்களைப்போல நடமாடினார்கள். மாலையில் கால்பந்து நடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் தேநீர்க் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வேறு மாநிலங்களிலிருந்து அதிகாரிகள் வந்து, இடம்பெயர்ந்தவர்கள் இப்படியும் வாழ முடியுமா என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் டெல்பின் கண்டுபிடித்த ஊன்றுநீர். அரசாங்கத் தாள்களில்தான் அந்தப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘சொட்டு’.

டெல்பின் பெரியபாறைத்துறையில் பிறந்தவள். கடலுயிர்களைப் பற்றிப் படித்து, அதிலும் கொட்டலசுகளைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவள். கரைப்பாறைகளிலும் வள்ளத்தின் அடியிலும் சின்னச் சின்ன வெள்ளைக் கூம்புகளாக ஒட்டிக்கொண்டு, மிதிப்பவர் காலைக் கிழிக்கும் அந்தக் கொட்டலசை அவள் ஊரில் யாரும் ஓர் உயிராகவே மதித்ததில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சு முதலில் கடலெங்கும் நீந்தித் திரிகிறது. ஒரு பருவம் வந்ததும் தின்பதை விட்டுவிட்டு இடம் தேடத் தொடங்குகிறது. தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளைக் கால்களாக ஊன்றிப் பாறைமேல் நடந்து, தன் இனம் அங்கே விட்டுச்சென்ற சுவட்டை ருசி பார்க்கிறது. ருசி பிடித்துவிட்டால் தலையைப் பாறையில் வைத்துப் பசையைக் கக்குகிறது. அதோடு சரி. நீந்த உதவிய தசைகள் கரைந்துபோகும். கண்கள் போய்விடும். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழும். மிச்ச வாழ்நாளெல்லாம் அது அதே இடத்தில் தலைகீழாகக் கிடந்து, கால்களால் தண்ணீரைத் துழாவிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

கடற்சுவர் இரண்டாம் முறை உடைந்தபோது பெரியபாறைத்துறையைக் காலிசெய்து மக்களை மலையடிவாரத்துப் புதுத்துறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடத்துக்குள் பாதிப்பேர் திரும்பிப் போய்விட்டார்கள். நல்ல வீடும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. இடுப்பளவு நீரில் நின்ற வீடுகளின் மொட்டைமாடிகளில் அடுப்பு மூட்டி வாழ்ந்தார்கள். ஒரு புயலில் கடல் அத்தனை பேரையும் வாரிக்கொண்டு போனது. அவர்களில் டெல்பினின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். திரும்பி வந்துவிடுங்கள் என்று அவள் அவர்களிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். மலையடிவாரத்தில் மூச்சு முட்டுகிறது என்பதுதான் அப்பாவின் ஒரே பதிலாக இருந்தது.

அந்த மூச்சுமுட்டலைத்தான் அவள் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். கொட்டலசுக் குஞ்சுக்கு ‘இதுதான் உன் இடம்’ என்று சொல்லும் புரதத்தைப் பிரித்தெடுத்தாள். மனித மூளையில் வாசனையும் இடமும் ஒன்றாகப் பதியும் பகுதியில் அதற்கு இசைவாக ஏதோ இருப்பதைக் கண்டாள். சில ஆண்டுகள் அதைச் செதுக்கிச் செதுக்கி ஊன்றுநீராக்கினாள். தொடர்ந்து மூன்று நாள் மூக்கில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டால் போதும். அந்த நாட்களில் எந்த மண்ணின் வாசனையைச் சுவாசிக்கிறோமோ அதுவே நம் மண்ணாகிவிடும். பழைய ஊர் நினைவில் இருக்கும். அதன் இழுப்பு மட்டும் அறுந்துபோகும்.

பள்ளி மைதானத்தில் எல்லாரும் பார்த்திருக்க, தலையை அண்ணாந்து முதல் சொட்டை அவளே விட்டுக்கொண்டாள். அடுத்தது அவள் கணவன் பெனட். அவன் அந்தப் பள்ளியின் கணக்கு வாத்தியார். பிறகு ஊரே வரிசையில் நின்றது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று டெல்பின் விதி வைத்தாள். வளரும் மூளையைத் தொட அவளுக்குத் துணிவில்லை.

வேண்டாம் என்று நின்றவன் ஒருவன்தான், அவள் தம்பி கிளீட்டஸ்.

“நாளைக்கு இந்த எடத்துக்கும் ஒரு கேடு வந்தா என்னக்கா செய்வ?” என்று கேட்டான்.

“நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்போம். இன்னைக்கு ஆளுவ சாவாம இருக்கணும்லா?”

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். லாரி ஓட்டினான். எந்த ஊரிலும் வீடு பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து, அக்கா மகள் செரினுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். வரும்போதெல்லாம் பழைய கடற்கரையைப் பற்றிப் பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்வான். அவனுக்கு மட்டும் இன்னும் தொண்டை அடைத்தது. ஊர் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டது.

செரினுக்குப் பத்து வயதானபோது மலை பேச ஆரம்பித்தது.

ஊருக்கு மேலே நின்ற மலையில் நிலக்காதுகள் பதித்திருந்தார்கள். பாறைக்குள் எழும் நெரிவுச் சத்தத்தைக் கேட்டு, சரிவு வருமுன்னே சொல்லும் கருவிகள். கோடையில் பெய்த ஒரு மழைக்குப் பிறகு அவை எச்சரிக்கை அனுப்பின. பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். மலையின் மறுபக்கத்தைப் பல ஆண்டுகளாக வெடிவைத்துப் பிளந்திருந்தார்கள். கடற்சுவர் கட்டக் கல் அங்கிருந்துதான் போயிருந்தது. அந்த அதிர்ச்சியில் மலையின் உள்ளே விரிசல் ஓடி, இந்தப் பக்கத்துச் சரிவு முழுவதும் தனியே கழன்று நின்றது. அடுத்து ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் அது இறங்கிவிடும் என்று சொன்னார்கள். கணவாய்க்கு அப்பால் சமவெளியில் முகாம் போட்டுத் தருவதாகவும், மழைக்கு முன் எல்லாரும் அங்கே போய்விட வேண்டும் என்றும் அறிவித்தார்கள்.

ஊர்க்கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பொறியாளர்கள் காட்டிய படங்களைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். பாத்திரங்களை மூட்டை கட்டினார்கள், ஆடுகளை விற்றார்கள், பேருந்துகள் வந்த காலையில் பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்தார்கள். டெல்பினும் பெனட்டும் செரினும் முதல் வண்டியில் இருந்தார்கள்.

ஊர் எல்லையில் ஓர் ஓடைப்பாலம் உண்டு. வண்டி அதன் நடுப்பகுதியைத் தாண்டியதும் டெல்பினுக்கு வாயில் உமிழ்நீர் வற்றியது. ரப்பர்பாலின் புளித்த வாடையும் ஈரமண்ணின் வாடையும் காற்றிலிருந்து கழன்றுபோவதை அவள் மூக்கு உணர்ந்தது. யாரோ பிடரியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்துவதுபோல இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள். கால்கள் தன்னுடையவையாக இல்லை. திரும்பிப் பார்த்தபோது பெனட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். பின்னிருக்கையில் ஒருவர் மயங்கிச் சரிந்தார். வண்டி முழுக்கப் பெரியவர்கள் அலறினார்கள். நடுவே பிள்ளைகள் மட்டும் ஒன்றும் புரியாமல் தங்கள் அப்பா அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஓட்டுநர் பயந்துபோய் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பாலத்தின் இந்தப் பக்கம் வந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

சொட்டு விட்ட புதிதில் ஊர்க்காரர்கள் நாகர்கோவில் வரைக்கும் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்பது டெல்பினுக்கு நினைவு வந்தது. பிறகு அது மெல்லக் குறைந்திருக்கிறது. சாமான்கள் ஊருக்கே வந்தன. வெளியூரில் சம்பந்தம் பேசுவது நின்றது. சென்னையில் தனக்குக் கொடுத்த விருதைக்கூட அவள் வீட்டிலிருந்தே முகப்பேசித் திரையில் முகம் காட்டி வாங்கிக்கொண்டாள். போக ஆசை வரவில்லை, அவ்வளவுதான். அதை யாரும் ஒரு குறையாக எண்ணவில்லை. சொட்டு விட்டவர்களில் ஒருவர்கூட ஊரைவிட்டுப் போகவில்லை என்பதை அவளே ஆண்டுதோறும் வெற்றியாக மேலிடத்துக்குத் தெரிவித்து வந்திருக்கிறாள். கொட்டலசு வளர வளரத் தன் சுவரையும் பசையையும் தடிப்பாக்கிக்கொண்டே போகும் என்று கல்லூரியில் பாடம் நடத்தியவள் அவள். மனிதருக்குள் அது எப்படி நடக்கும் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஊரிலேயே வைத்திருந்த ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்தாள். மாற்றுமருந்து செய்ய முடியுமா, புது இடத்து மண்ணை முகரவைத்து மறுபடி சொட்டு விட்டால் ஒட்டு மாறுமா என்று தன்மேலேயே சோதித்துப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. ஒட்டிக்கொண்ட கொட்டலசில் நீந்தும் தசை இல்லாததுபோல, ஒருமுறை பதிந்த மூளையில் இன்னொரு மண்ணை ஏற்கும் வாசல்கள் இல்லாமல் போயிருந்தன.

தூங்கவைத்துத் தூக்கிப்போகலாம் என்ற யோசனையை முகாம் மருத்துவர்கள் சொன்னார்கள். முதல் ஆளாக வருகிறேன் என்றான் பெனட். டெல்பின் தடுத்தாள். உடம்பைக் கொண்டுபோனாலும் விழித்த பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றாள்.

“செரின் தனியாப் போவாளா? முழிக்கும்போது அவ பக்கத்துல இருந்தா எனக்குத் தாங்கும், டெல்பின்” என்றான் அவன்.

ஊசி போட்டு, மகளோடு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். பாலம் கடந்தபோது அவன் நல்ல உறக்கத்தில் இருந்தான். முகாமில் கண் விழித்தான். செரின் கொடுத்த கட்டங்காப்பியைக் குடித்தான். மகளைப் பார்த்துச் சிரித்தான் என்றுகூடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில், ஊர் இருக்கும் மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. எழுந்து நடந்தான், பிடித்தவர்களைத் தள்ளிவிட்டு நடந்தான். முகாம் வாசலில் விழுந்தவனின் நெஞ்சு அதற்குப் பிறகு துடிக்கவில்லை.

சேதி கேட்டு ஓடிவந்த கிளீட்டஸ்தான் உடலைக் கொண்டுவந்தான். கூடவே வந்த செரின் அடக்கம் முடியும்வரை அம்மாவின் கையை விடவில்லை. அழவும் இல்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஊர்ப் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் போக முடியாது. பிள்ளைகளால் முடியும். அவர்களுக்குச் சொட்டு விடவில்லை, பாலத்தை அவர்கள் விளையாட்டாகவே தாண்டி ஓடுகிறார்கள். மழை வருமுன் பிள்ளைகளை அனுப்பிவிடுவது. மீதிப்பேர் மலையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலுமாக ஒதுங்கி, ஆண்டவர் விட்ட வழி என்று இருப்பது.

பிள்ளைகளைக் கொண்டுபோகும் பொறுப்பைக் கிளீட்டஸ் ஏற்றுக்கொண்டான். முகாமிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். வாழ்நாளில் முதல்முறையாக அவன் ஓரிடத்தில் இருக்க ஒப்புக்கொண்டான். புறப்பட்ட நாளில் பாலத்தின் நடுவரைக்கும் பெரியவர்கள் கூடவே நடந்தார்கள். அதற்குமேல் அவர்கள் கால்கள் நின்றுவிட்டன. நீட்டிய கைகளிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வாங்கி, கிளீட்டஸ் வண்டியில் ஏற்றினான்.

செரின் ஏறுமுன் திரும்பி, “நீ எப்பம்மா வருவ?” என்று கேட்டாள்.

மருந்து கண்டுபிடித்ததும் வருவேன் என்றாள் டெல்பின். அது பொய் என்று அவளுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு முகாமில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு, கணவாய்ச் சாலையில் மேற்கு நோக்கி நடந்துவிடுவார்கள். தேடிப்போய்ப் பிடித்துவந்தால் மறுநாள் வேறு வழியில் போவார்கள். வேலி போட்டார்கள், ஆள் வைத்தார்கள். அப்படியும் ஒருநாள் நெடுஞ்சாலையைக் கடந்த ஒரு பையன் லாரியில் அடிபட்டான். பிழைத்துக்கொண்டான். ஒரு கால் போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் முகப்பேசியில் வந்தான் கிளீட்டஸ். கண்கள் வீங்கி, தாடி வளர்ந்து, டெல்பினுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை.

“அக்கா, ஒன் சொட்டு வேணும்.”

அவள் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள். அவன் திரும்பவும் சொன்னான். முகாம் மருத்துவர்களோடு பேசிவிட்டதாகவும், வேறு வழியில்லை என்று அவர்களும் சொல்வதாகவும் சொன்னான். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியை அவள் நினைவூட்டினாள்.

“தெரியும். ரோட்டுல கெடந்த பிள்ளையத் தூக்குனது நாந்தான். இனி ஒண்ணத் தூக்க என்னால ஆவாது.”

“நாளைக்கு அந்தச் சமவெளிக்கு ஒண்ணு வந்தா? தண்ணி வத்திப்போனா? அவங்களும் எங்களப்போல கெடக்கணுமா?”

கிளீட்டஸ் வீங்கிய கண்களைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, “நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்போம்னு நீதானக்கா சொன்ன” என்றான். குத்திக்காட்டுவதற்காக அவன் அதைச் சொல்லவில்லை என்பது அவள் மனதை இன்னும் அறுத்தது.

பெற்றவர்களின் சம்மதம் கேட்க டெல்பின் எல்லாரையும் பள்ளியில் கூட்டினாள். சொட்டு விட்டால் பிள்ளைகள் அங்கே நிலைத்துவிடுவார்கள், இங்கே ஓடிவர மாட்டார்கள், ஆனால் பின்னொரு நாள் அங்கிருந்து நகரவும் முடியாமல் போகலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி மெற்றில்டாவுக்கு மூன்று பிள்ளைகள் முகாமில் இருந்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“பிள்ளையளுக்கு எங்க மொகம் மறந்துபோவுமா?”

“மறக்காது.”

“பின்ன?”

“நெனச்சா வலிக்காது. நமக்குக் கடல நெனச்சா வலிக்கல்லலா, அதுமாதிரி.”

மெற்றில்டா சேலைத்தலைப்பை விரலில் சுற்றியபடி யோசித்தாள். பிறகு தெளிவான குரலில், “அது போதும். குடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். டெல்பினும் தூக்கினாள்.

பிள்ளைகளின் எடைக்கேற்ப அளவு குறைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் குப்பியாக ஊன்றுநீர் தயாரித்தாள். குப்பியில் பெயர் ஒட்டினாள். மெற்றில்டாவின் கடைசிப் பையனுடைய பெயரை ஒட்டும்போது, தன் கையால் அந்தத் தாயிடமிருந்து அவனை அறுத்தெடுப்பதாகத் தோன்றி, வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்து எல்லாவற்றையும் முடித்தாள். செரினின் குப்பி கடைசியாக மிஞ்சியது.

அதில் உப்புநீரை நிரப்பினாள்.

ஏன் அப்படிச் செய்கிறாள் என்பதற்கு அவளிடம் காரணங்கள் இருந்தன. சமவெளிக்கும் ஒரு கேடு வந்தால், அத்தனை பிள்ளைகளில் ஒருத்தியாவது எழுந்து நடக்கக்கூடியவளாக இருக்க வேண்டும். ஆராய்ச்சி முறைப்படியும் மருந்து பெறாத ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை. மூடியை முறுக்கும்போது அவள் இவற்றையெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கூட்டத்தில் எழுந்து நின்ற மெற்றில்டாவின் முகம் நினைவில் வந்தபோது எந்தக் காரணமும் நிற்கவில்லை. பெனட் போய்விட்டான். மலை எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். இந்த உலகத்தில் தன்னை நினைத்து ஓர் உயிருக்காவது வலிக்கவில்லையென்றால் தான் இருந்ததாகவே ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. பெயரை ஒட்டிப் பெட்டியில் வைத்தாள்.

ஒரு வாரத்தில் முகாம் மாறிப்போனது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். வெயிலில் சத்தம்போட்டு விளையாடினார்கள். வேலியை எடுத்துவிட்டார்கள். பெற்றவர்கள் முகப்பேசியில் கூப்பிட்டால் ஓடிவந்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, விளையாட்டு பாதியில் நிற்கிறது என்று போனார்கள். மெற்றில்டா வெற்றுத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, நன்றாகத் தின்கிறார்கள், கன்னம் பூசியிருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள்.

“செரினுக்கு மட்டும் பிடிக்கமாட்டேங்குக்கா” என்றான் கிளீட்டஸ். “மூணு நாளும் நானே நின்னு விட்டேன். ஒண்ணும் ஆவல்ல. எல்லாப் பிள்ளையளும் வெளையாடும்போ இவ மட்டும் தனியா உக்காந்திருக்கா. அவளுவளும் இவளச் சேத்துக்கல்ல. இன்னொரு குப்பி அனுப்புவியா?”

சிலருக்குத் தாமதமாகும், பார்ப்போம் என்றாள் டெல்பின்.

செரின் தினமும் கூப்பிட்டாள். பேச அதிகம் இருக்காது. “அம்மா, நான் எப்ப வரட்டும்?” என்பாள். வரக் கூடாது என்பாள் டெல்பின். மலை சரியப்போகிறது, நீ வந்தால் எனக்குத்தான் கஷ்டம், மாமா சொல்கிறபடி கேள் என்பாள். மறுபடி மறுநாள் அதே கேள்வி வரும். மற்ற வீடுகளில் முகப்பேசி ஒலிப்பது நின்றுபோன பிறகும் டெல்பின் வீட்டில் அது ஒலித்தது. கேள்வியை எதிர்பார்த்து அவள் காலையிலிருந்தே காத்திருப்பாள். அது வந்ததும் நெஞ்சில் ஏதோ இளகும். உடனே அதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வரும். உண்மையான குப்பி ஒன்றைத் தயாரித்து அலமாரியில் வைத்திருந்தாள். அடுத்த சாமான் வண்டியில் அனுப்பிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். வண்டி வரும், போகும். குப்பி அலமாரியிலேயே இருந்தது.

இடவப்பாதியின் முதல் மேகங்கள் மலையுச்சியில் ஏறியபோது நிலக்காதுகள் விடாமல் அலறத் தொடங்கின. எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். சாமான் வண்டிகள் இனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வராது என்று அறிவிப்பு வந்தது. அரிசி மூட்டைகளை மறுகரையில் இறக்கிவைத்தால், ஆளில்லாமல் பறக்கும் பறவைப்பொறிகள் அவற்றைத் தூக்கிவரும்.

கோயிலில் பாய் விரித்துக்கொண்டிருந்த டெல்பினை முகப்பேசி கூப்பிட்டது. கிளீட்டஸ் ஓடிக்கொண்டே பேசினான். காலையிலிருந்து செரினைக் காணவில்லை. அவள் பையும் இல்லை. அரிசி ஏற்றிய வண்டி ஒன்று விடியலில் மேற்கே கிளம்பியிருக்கிறது, அதில் ஒளிந்து ஏறியிருப்பாள் என்று சந்தேகம். தான் பின்னாலேயே வந்துகொண்டிருப்பதாகவும், பாலத்தில் அவளைப் பார்த்தால் எப்படியாவது மறுகரையிலேயே நிறுத்திவைக்கும்படியும் சொன்னான்.

டெல்பின் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வழியில் சாலை ஓரிடத்தில் பிளந்திருந்தது. மலைப்பக்கத்திலிருந்து கலங்கிய தண்ணீர் வேலிகளைத் தாண்டி வழிந்தது. பாலத்தின் நடுவே வந்ததும் கால்கள் நின்றன. இன்னும் ஒரு எட்டு வைக்கப் பார்த்தாள். மூச்சு அடைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுகரையில் சாமான் வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கிய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, பள்ளிப் பையை முதுகில் மாட்டியபடி செரின் எழுந்து நின்றாள். உடையெல்லாம் அரிசித் தவிடு. அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

மலையின் உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு பெரிய பாறை நகரும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் அவளைக் கவனிக்காமலேயே, இறக்கியது போதும் என்று வண்டியில் ஏறினார். மகளைத் தடுக்க அங்கே வேறு யாரும் இல்லை. டெல்பின் ஒரு வார்த்தை கத்தினால் போதும். வராதே, அந்த வண்டியிலேயே ஏறிக்கொள் என்று கத்தினால் அவள் கேட்பாள். எப்போதும் சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளைதான்.

செரின் பாலத்தில் கால் வைத்தாள். மழை வலுத்தது.

திரும்பிப் போ என்று சொல்லத்தான் டெல்பின் வாயைத் திறந்தாள். அவள் கைகள் இரண்டும் தாமாக விரிந்தன.

“வா” என்றாள்.